மூன்றாவது தட்டு

இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் கசிந்தது. இரண்டு முனைகளிலும் கச்சிதமாக ஒட்டியிருந்தன. நடுவில் மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி. பசை தடவி கிளாம்ப் போட்டு இறுக்கினால் மூடிவிடும்தான். ஆனால் அப்படி வலுக்கட்டாயமாக மூடிய இணைப்பு அந்த இழுவிசையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். என்றைக்காவது ஒரு வெயில்காலத்தில் விட்டுக்கொள்ளும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பொதுமுடக்கக் காலத்தில் எல்லோரும் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மரவேலைப் பைத்தியம் பிடித்தது. கோயம்புத்தூரில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைக் காலி செய்து, ஒரு பழைய மெஷின் வியாபாரியிடமிருந்து வார்ப்பிரும்பு பிளேனர் ஒன்றை வாங்கிப் போட்டேன். அமெரிக்கர்கள் இதை ஜாயின்டர் என்பார்கள், நம் பட்டறைகளில் சர்ஃபேஸ் பிளேனர். ஓர் இழைப்புளியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடிப்பாகத்தை இரண்டு நீண்ட மேசைகளாக இழுத்து, நடுவில் இருக்கும் பிளேடுக்குப் பதிலாகப் பிளேடுகள் பூட்டிய ஓர் உருளையைச் சுழலவிட்டால் இந்த மெஷின் வந்துவிடும். கையால் இழைக்கும்போது மரம் கிடக்கும், இழைப்புளி நகரும். இங்கே இழைப்புளி கிடக்கும், மரம் நகரும்.

இதன் தர்க்கம் எளிமையானது. மரம் முதலில் வரும் முன்மேசை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு சீவப்படும். சீவிய மரத்தைத் தாங்கும் பின்மேசை, பிளேடு சுழலும் வட்டத்தின் உச்சிக்குச் சரிசமமாக இருக்க வேண்டும். பின்மேசை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி இரண்டு அங்குலம் தொப்பென்று விழுந்து பள்ளமாகும். உயர்ந்திருந்தால் பலகையின் முன்முனை மேசையில் முட்டும். இதற்கெல்லாம் மேலாக, இரண்டு மேசைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வெளிமுனைகள் இரண்டும் தொங்கினால் பலகை நடுவில் குழியும். வெளிமுனைகள் தூக்கிக்கொண்டால் பலகை நடுவில் புடைக்கும்.

என் பலகையில் நடுவில் வெளிச்சம். அப்படியென்றால் மேசைகள் தொங்குகின்றன. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிரோடு ஆன்லைனில் மூன்றடி நீளத்துக்கு ஓர் எஃகு நேர்கோல் வாங்கினேன். மேசைகளின் மேல் அதை வைத்து, ஃபீலர் கேஜ் தகடுகளை அடியில் நுழைத்துப் பார்த்து, மேசை உட்கார்ந்திருக்கும் டவ்டெயில் பாதையில் மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகி, போல்ட்டை இறுக்கி, மறுபடி அளந்து, மூன்று சனி ஞாயிறுகளைக் கரைத்தேன். கடைசியில் நேர்கோலுக்கு அடியில் எந்த இடத்திலும் தகடு நுழையவில்லை. கோலும் மேசைகளும் முழுக்க ஒட்டியிருந்தன. பெருமையாக இரண்டு பலகைகளை ஓட்டி எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

நடுவில் வெளிச்சம்.

*

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஆசாரி ஐயா. எழுபது வயதுக்கு மேல். இப்போது வேலைக்குப் போவதில்லை, சாயங்காலம் நடந்துவரும்போது என் ஷெட்டில் மெஷின் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். அன்றைக்கும் வந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு மெஷின் பக்கமே போகவில்லை. நேர்கோலைக் கையில் எடுத்தார்.

"ஏனுங் தம்பி, இத யாருங்க சரி பாத்தா?"

"ஃபேக்டரில பாத்துத்தானுங்க ஐயா அனுப்பியிருப்பாங்க."

ஒரு பிளைவுட் துண்டை எடுத்து அதில் இரண்டு புள்ளி வைத்தார். நேர்கோலைப் புள்ளிகளோடு சேர்த்துவைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு கோலை அப்படியே கவிழ்த்துக் கோட்டின் மறுபக்கம் போட்டார். அதே விளிம்பு, அதே இரண்டு புள்ளிகள். இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் முனைகளில் சேர்ந்து நடுவில் விலகி, ஒரு மெல்லிய கண் மாதிரி திறந்திருந்தன. நடுவில் அரை மில்லிமீட்டர் இருக்கும். ஆகவே என் நேர்கோலின் விளிம்பு கால் மில்லிமீட்டர் குழிந்திருந்தது. குழிந்த கோலை நம்பி மேசைகளை நான்தான் மெனக்கெட்டு இரு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறேன்.

"கோலே கோணலுங்க," என்றார். "அப்புறம் மெஷின் என்னங்க பண்ணும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஒரு கேள்வி குடைந்தது. இந்தக் கோலைச் செய்தவர் எதை வைத்துச் சரிபார்த்திருப்பார்? இதைவிட நல்ல ஒரு கோலை வைத்து. அந்தக் கோலை? அதைவிட நல்லதை வைத்து. இப்படியே பின்னால் போனால் எங்கேயோ ஒரு முதல் நேர்கோல் இருந்தாக வேண்டும். அதை எதனோடு ஒப்பிட்டார்கள்?

*

பழைய பதில், நூல். 'நூல் பிடித்த மாதிரி' என்று நாம் சொல்வது வெறும் உவமை அல்ல. இழுத்துக் கட்டிய நூலுக்கு வேறொரு நேர்கோலின் சாட்சி தேவையில்லை, இழுவிசையே அதை நேராக்குகிறது. எகிப்தியக் கல்தச்சர்கள் ஒரே உயரமுள்ள மூன்று மரக்குச்சிகளை வைத்திருந்தார்கள். இரண்டைக் கல்லின் இரு முனைகளில் நிறுத்தி, அவற்றின் தலைகளை நூலால் இழுத்துக் கட்டி, மூன்றாவது குச்சியை இடையில் நகர்த்திக்கொண்டே போவார்கள். எங்கே அது நூலுக்கு மேல் துருத்துகிறதோ அங்கே கல்லில் மேடு இருக்கிறது, செதுக்கு. கட்டடத்துக்கும் கல்லுக்கும் இது போதும். ஆனால் நூலுக்கும் எடை உண்டு, கிடையாகப் பிடித்தால் கொஞ்சமாவது தொய்யும். அதற்கென்று ஒரு பருமனும் உண்டு. தவிர, நூல் ஒரு கோட்டைத்தான் தரும், ஒரு தளத்தைத் தராது.

தச்சர்களின் பதில் வேறு. இரண்டு பலகைகளைப் புத்தகம் போல மடித்துச் சேர்த்து, இரண்டின் விளிம்புகளையும் ஒரே நேரத்தில் இழைப்பார்கள். இழைப்புளி ஒரு பக்கமாகச் சாய்ந்து 90 பாகைக்குப் பதில் 89 பாகை வந்தாலும், புத்தகத்தைத் திறந்து விரிக்கும்போது ஒரு விளிம்பு 89, இன்னொன்று 91. கூட்டினால் 180. இணைப்பு சமமாக உட்கார்ந்துவிடும். பிழை ஒழியவில்லை, ஒரு பிழை இன்னொன்றின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேசை செய்ய இந்தத் தந்திரம் போதும். ஆனால் இதற்குள் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: இரண்டு பொருட்கள் ஒன்றோடொன்று அருமையாகப் பொருந்துகின்றன என்பதற்காக இரண்டும் சரியானவை ஆகிவிடாது. இரண்டும் எதிரெதிர் திசையில் ஒரே அளவு தப்பாக இருக்கலாம்.

*

மரத்தை இழைக்கும் மெஷினின் வரலாறு எதிர்பாராத ஓர் இடத்தில் தொடங்குகிறது. ஃபூக்கோவின் 1975-ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, படிக்காமல் பேசுகிறவர்களுக்கும், பனாப்டிக்கான் தெரியும். நடுவில் ஒரு காவல் கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள், எப்போது பார்க்கப்படுகிறோம் என்று தெரியாமல் எப்போதும் ஒழுங்காக இருக்கும் கைதிகள். ஜெரமி பெந்தாமின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சிறைத் திட்டத்தின் மூல யோசனை அவருடைய தம்பி சாமுவேல் பெந்தாமுடையது. 1780-களில் ரஷ்யாவில் இளவரசர் பொட்டெம்கினின் பண்ணையில் பட்டறைகளை நிர்வகித்தபோது, வேலையாட்களைக் கண்காணிக்க அவருக்குத் தோன்றிய யோசனை அது.

அதே சாமுவேல்தான் 1791-ல் மரம் இழைக்கும் மெஷின் ஒன்றுக்கும், 1793-ல் சுழலும் பிளேடுகள் உட்பட ஏராளமான மரவேலை மெஷின்களுக்கும் காப்புரிமை பெற்றார். இரண்டும் தனித்தனிக் கதைகள் அல்ல. பனாப்டிக்கான் சிறையில் அடைபட்ட கைதிகளுக்கு வேலை கொடுக்க வேண்டும், ஆனால் அவர்களுக்குத் தச்சு தெரியாது. ஆகவே திறமையை மனிதனின் கையிலிருந்து எடுத்து மெஷினுக்குள் வைத்துவிட வேண்டும். கைதி உடல் பலத்தை மட்டும் கொடுத்தால் போதும். லண்டனில் ஜெரமியின் வீட்டிலேயே இந்த மெஷின்கள் உருவாகின. அந்தச் சிறையை அவர்களால் கடைசிவரை கட்ட முடியவில்லை. மெஷின்கள் பிழைத்துக்கொண்டன.

1796-ல் சாமுவேல் பிரிட்டிஷ் கடற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் ஆனார். போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில், பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய மரக் கப்பிகளைச் செய்ய மார்க் புரூனெல் வடிவமைத்த 45 மெஷின்கள் அவருடைய ஆதரவில் நிறுவப்பட்டன. 110 தேர்ந்த தொழிலாளிகளின் வேலையைப் பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். 1808-ல் மட்டும் 1,30,000 கப்பிகள். சிறைக்கு யோசித்தது தொழிற்சாலையில் நடந்தது.

அந்த 45 மெஷின்களையும் செய்து கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமாவிடம் வேலை பார்த்தவர். வாரம் 30 ஷில்லிங் சம்பளத்துக்கு மேல் கேட்டபோது மறுக்கப்பட்டதால் 1797-ல் வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். சம்பள உயர்வு மறுத்ததால் உலகம் அடைந்த நன்மைகளில் இது முக்கியமானது என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி சொல்வேன், யாரும் சிரிப்பதில்லை.

பெந்தாமின் கனவில் ஓர் ஓட்டை இருந்தது. திறமையை மெஷினுக்குள் வைத்துவிடலாம், சரி. அந்த மெஷினின் நேர்மை எங்கிருந்து வரும்? மேசை கோணலாக இருந்தால் அது ஆயிரம் பலகையையும் ஒரே மாதிரி கோணலாகச் சீவும். தச்சனின் கை தப்பு செய்தால் அவன் கண் பார்த்துத் திருத்தும். மெஷினுக்குக் கண் இல்லை. அதன் நேர்மையை முன்கூட்டியே யாரோ ஒருவர் அதற்குள் வைத்தாக வேண்டும்.

*

மாட்ஸ்லேயின் பட்டறையில் தொழிலாளிகளின் மேடைகளில் சமதளத் தட்டுகள் இருந்தன. செய்யும் பாகத்தை அதன்மேல் வைத்து அவ்வப்போது சோதித்துக்கொள்வதற்காக. 1829-ல் அங்கே சேர்ந்த ஜேம்ஸ் நாஸ்மித் தன் சுயசரிதையில் இந்தத் தட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றை மூன்று மூன்றாகச் செய்தார்கள் என்பதுதான் விஷயம். அதே பட்டறையில் 1825 முதல் வேலை பார்த்த ஜோசப் விட்வர்த், பிற்பாடு மான்செஸ்டரில் சொந்தத் தொழில் தொடங்கி, 1840-ல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இந்த முறையை விளக்கிக் கட்டுரை வாசித்தார். அதனால் புகழ் அவருக்குப் போனது.

முறை இதுதான். அ, ஆ, இ என்று மூன்று இரும்புத் தட்டுகள். மூன்றும் சுமாரானவை. எதையும் நம்ப வேண்டியதில்லை. அ-வின் மேல் மெல்லிசாகச் சாயம் பூசி அதன்மேல் ஆ-வைத் தேய்த்தால் ஆ-வில் மேடான இடங்களில் சாயம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் ஆ, அ-வோடு முழுக்கப் பொருந்திவிடும். ஆனால் அ நடுவில் புடைத்திருந்தால் ஆ அதே அளவு குழிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு 'நாங்கள் நேர்' என்று சொல்லும். சாயம் அதை மறுக்காது.

இப்போது இ-யையும் அ-வோடு பொருத்த வேண்டும். இ-யும் ஆ போலவே குழிந்துவிடும். அடுத்தது ஆ-வையும் இ-யையும் ஒன்றின் மேல் ஒன்று வைப்பது. இரண்டும் ஒரே ஆசானிடம் ஒரே தப்பைக் கற்றவை. குழிவும் குழிவும் எதிரெதிரே நின்றால் ஓரங்களில் மட்டும் தொடும், நடுவில் இரண்டு மடங்கு இடைவெளி தெரியும். மறைந்திருந்த பிழை இப்போது வெட்டவெளிச்சம். இரண்டிலும் பாதிப் பாதி சுரண்டி, அவற்றைக் கொண்டு அ-வைத் திருத்தி, மறுபடி சுற்றை ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறையும். தட்டுகளை இடையிடையே 90 பாகை திருப்பியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கு மட்டும் மூன்றிலும் ஒளிந்துகொண்டே இருக்கும். கடைசியில் எந்த இரண்டை எடுத்தாலும், எப்படித் திருப்பினாலும் பொருந்துகிற நிலை வரும். அப்படி எல்லாவிதமாகவும் பொருந்தக்கூடிய ஒரே வடிவம் சமதளம்தான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் நேர்கோல் என்று ஒன்று தேவையே இல்லை! மூன்று தப்பான பொருட்களிலிருந்து சரியானது பிறக்கிறது. மேலே இருந்து யாரும் அருள வேண்டியதில்லை.

ஏன் சுரண்ட வேண்டும், இரண்டு தட்டுகளுக்கு நடுவே மணலைப் போட்டுத் தேய்த்தால் தானாகச் சமமாகாதா? அதுவரை பலரும் எமரிப் பொடி போட்டுத் தேய்க்கத்தான் செய்தார்கள். விட்வர்த் அதைக் கடுமையாக எதிர்த்தார். பொடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தங்காது, சமமாகத் தேய்க்காது. தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்: இரண்டு தட்டைக் கண்ணாடி வட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் மேலிருப்பது குழியும், கீழிருப்பது புடைக்கும். குழிந்த ஆடி செய்வதே அப்படித்தான். இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள் உரசிக்கொண்டே இருந்தால் சமம் வராது, பொருத்தம்தான் வரும்.

என் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் இதே தட்டு ஒன்று இருந்தது. அதன் முகத்தில் இறகு போலச் சின்னச் சின்னச் சுரண்டல் தடங்கள். அரத்தால் தேய்த்த இரும்புத் துண்டை அதன்மேல் வைத்து உயரம் குறிப்போம். ரெக்கார்டு நோட்டில் 'சர்ஃபேஸ் பிளேட்' என்று எழுதிப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோம். அந்த இறகுத் தடங்கள் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு மனிதன் ஒரு மேட்டைக் கண்டுபிடித்து எடுத்த இடம் என்பது புரிய எனக்குப் பதினைந்து வருடங்கள் ஆயிற்று. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817-ல் செய்த உலோக பிளேனர் இருக்கிறது. இரும்பைச் சமமாகச் சீவுகிற அந்த ஆரம்பகால மெஷினின் சொந்தப் படுகையைச் சீவ வேறு மெஷின் இல்லை. உளியாலும் அரத்தாலும் கையாலேயே அதைச் சமமாக்கினார்கள்.

என் தொழிலிலும் இந்தக் கேள்வி உண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-ல் வெளியான தன் ட்யூரிங் விருது உரையில் ஒரு பயங்கரத்தைக் காட்டினார். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள் ஒரு திருட்டை ஒளித்துவைத்தால், அதே கம்பைலரால் உருவாகும் அடுத்த கம்பைலரிலும் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மூல நிரலை எவ்வளவு படித்தாலும் தெரியாது. பிறகு டேவிட் வீலர் அதற்கு ஒரு மாற்று சொன்னார்: சந்தேகத்துக்குரிய கம்பைலருக்குத் தொடர்பே இல்லாத, வேறு வழியில் வந்த இன்னொரு கம்பைலரைக் கொண்டுவந்து இரண்டின் விளைவுகளையும் ஒப்பிடு. அந்த வேற்று ஆள் குறையற்றவனாக இருக்க வேண்டியதில்லை. அதே தப்பைச் செய்யாதவனாக இருந்தால் போதும்.

*

இங்கேயே கட்டுரையை முடித்திருப்பேன். ஆசாரி ஐயாவின் வலது கை நினைவுக்கு வராமல் இருந்திருந்தால்.

அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியில் முடிகின்றன. இருபதுகளில் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்தபோது நடந்தது. அது நான் வைத்திருப்பதைப் போன்ற மெஷின்தான், ஒரு வித்தியாசம் தவிர. என்னுடையதில் பிளேடுகள் வட்டமான உருளையில் பூட்டியிருக்கின்றன. அதில் சதுரக் கட்டையில்.

"நாலு மூலையும் சுத்தறது கண்ணுக்குத் தெரியாதுங்க தம்பி. தண்ணி மாதிரி இருக்கும். மரத்துல ஒரு முடிச்சு வந்துச்சு, பலகை எகிறுச்சு, கை அங்க போச்சு. அவ்வளவுதானுங்க."

கையை மெஷினிலிருந்து விலக்க வழி இல்லாமல் போகவில்லை. வில்லியம் வுட்வர்த் என்ற அமெரிக்கர் உருளைகளே மரத்தை இழுத்துக்கொள்ளும் இழைப்பு மெஷினுக்கு 1828-ல் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அந்த வகை மெஷின் பலகையின் தடிமனைச் சமமாக்கும், வளைவை எடுக்காது. உருளைகள் வளைந்த பலகையை அழுத்தி நேராக்கிச் சீவும், வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். வளைவை எடுக்க வேண்டுமென்றால் மரத்தை அழுத்தாமல், மெல்ல, கையால் உணர்ந்து தள்ள வேண்டும். நேர்மைக்கு இந்தக் கட்டத்தில் மனிதக் கை தேவைப்பட்டது. ஆகவே கை பிளேடுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

சதுரக் கட்டையின் மூலைகள் பெரிய வட்டத்தில் சுழலும். அதன் தட்டைப் பக்கங்கள் அந்த வட்டத்துக்கு வெகுவாக உள்ளே இருக்கும். விரல் மாட்டினால் அந்தப் பள்ளத்துக்குள் இழுபடும். வட்ட உருளையில் அந்தப் பள்ளம் இல்லை. பிளேடின் நுனி மட்டும் கொஞ்சமாக வெளியே நீட்டியிருக்கும். மாட்டினால் அநேகமாகத் தோலும் சதையும் போகும், விரல் மிஞ்சலாம். கத்தியைப் பூட்டும் கட்டை சதுரமா வட்டமா என்ற ஒரே மாற்றம்தான். பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டு மரவேலை மெஷின் விதிமுறைகள், கையால் தள்ளி இழைக்கும் மெஷின்களில் வட்ட உருளைதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. 1850-களிலேயே விட்வர்த்தின் அளவுக் கருவி அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளந்தது. அந்த நுட்பத்துக்கும் இந்த விதிக்கும் நடுவே ஏறக்குறைய 70 ஆண்டுகள்.

இந்த 70 ஆண்டுகளை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. இரும்பின் கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கண்டுபிடித்துச் சுரண்டிய அதே நூற்றாண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விரலைக் கணக்கில் எடுக்கவில்லை. மில் முதலாளிக்கும் மெஷின் விற்பவனுக்கும் நடுவே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. விலை பொருந்தியது, உற்பத்தி பொருந்தியது. மூன்றாவது தட்டான தொழிலாளியை யாரும் அவர்கள்மேல் வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார்த்த பிறகுதான் இடைவெளி தெரிந்தது.

வட்ட உருளை வேண்டும் என்ற அதே விதி இந்தியாவின் மாநிலத் தொழிற்சாலை விதிகளிலும் இருந்தது. ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, மின்சாரத்தில் ஓடும் ஓர் இடம் 'தொழிற்சாலை' ஆக அங்கே குறைந்தது 10 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. "உங்க மில்லுல எத்தனை பேருங்க ஐயா?" என்று கேட்டேன். விரல்களை விட்டு எண்ணினார். ஏழு.

*

அடுத்த வாரம் அவரும் நானும் சேர்ந்து மூன்று நேர்கோல்கள் செய்தோம். நன்றாகக் காய்ந்த பழைய தேக்கு, அவர் வீட்டுக் கதவுச் சட்டத்திலிருந்து வந்தது. மூன்றடி நீளம். மெஷின் இல்லை, நீள இழைப்புளி மட்டும். அ-வையும் ஆ-வையும் விளிம்போடு விளிம்பு வைத்து விளக்குக்கு நேரே பிடித்து, வெளிச்சம் வராதவரை இழைத்தோம். பிறகு அ-வும் இ-யும். பிறகு ஆ-வையும் இ-யையும் சேர்த்ததும் நடுவில் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. விட்வர்த் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"ரெண்டு பேரு பேசி வெச்சுட்டு பொய் சொன்னா, மூணாவது ஆளக் கூப்பிடோணும். இதுக்கு எதுக்குங்க இங்கிலாந்து போகோணும்?"

இரண்டு சாயங்காலங்கள் ஆயின. எந்த இரண்டைச் சேர்த்தாலும் இருட்டு. அந்தக் கோல்களில் ஒன்றை வைத்து மேசைகளை மறுபடி சரிசெய்தேன், நான் செருகிய பித்தளைத் தகடுகளில் பாதியை உருவ வேண்டியிருந்தது. பின்மேசையின் உயரத்தை அவர் தன் பழைய வழியில் பார்த்தார்: கோலைப் பின்மேசைமேல் வைத்து உருளைக்கு மேல் நீட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். பிளேடு கோலைத் தொட்டு ஒரு நூலளவு இழுத்துக்கொண்டு போய் விட்டது. மற்ற பிளேடுகளும் அதே தூரம் இழுத்தால் எல்லாம் ஒரே உயரம். சுற்றியது அந்தப் பாதி விரல்கள் இருக்கும் கை. நான் இரண்டு தடவை பிளக்கைப் பார்த்துக்கொண்டேன்.

பலகைகளை ஓட்டி எடுத்தேன். கைக்குப் பதில் தள்ளுகட்டை வைத்துத்தான் தள்ள வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது ஒரு முனையில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது. நான் மறுபடி ஸ்பானரை எடுத்தேன். "போதுமுங்க தம்பி," என்றார். "மழ வந்தா மரம் எப்படியும் கொஞ்சம் அசையும். அதுக்கும் எடம் குடுக்கோணுமில்லீங்க."

மூன்று கோல்களிலும் பென்சிலால் அ, ஆ, இ என்று எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் எடுத்துச் சோதித்தேன். அ-வோடு ஆ பொருந்தவில்லை. அ-வோடு இ-யும் பொருந்தவில்லை. ஆ-வும் இ-யும் பொருந்தின. அசைந்தது அ.